அதிகாரி நாற்காலி

"நீங்கள்லாம் சுத்தமா வெச்சுக்க மாட்டீங்கம்மா. அதனாலதான் பூட்டி வெச்சிருக்கோம்" என்றாள் பூட்டுக்காரி.

இரும்பு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே தலைவி நின்றிருந்தாள். மற்ற பெண்கள் தரையில். அது தையல்காரியின் கடை. இயந்திரங்களைச் சுவரோரம் தள்ளிவிட்டால் பெண்கள் மன்றம் முழுவதும் உட்கார இடம் கிடைக்கும். தரையெங்கும் நூலும் துணுக்கும் கிடக்கும். கூட்டம் முடிந்து எழுந்தால் எல்லோருடைய பின்புறத்திலும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும்.

"யாரு சுத்தமா வெச்சுக்கல?" என்றாள் தலைவி.

"நீங்கதான். சந்தைப் பொம்பளைங்க."

"பூட்டிக் கெடக்கற கக்கூஸ எப்படிங்க அசுத்தம் பண்றது? சாவித் துவாரம் வழியாவா?"

தரையில் சிரிப்பு எழுந்தது. பூட்டுக்காரி சிரிக்கவில்லை.

"பூட்டறதுக்கு முன்னால பண்ணீங்க. பாத்துட்டுத்தான் பூட்டுனோம். கழுவத் தெரியாதவங்களுக்குக் கக்கூஸ் எதுக்கு?"

தலைவி வாயைத் திறந்து மூடினாள். நர்ஸ் கீழேயிருந்து, "பதில் சொல்லு. நின்னா போச்சு. நகராட்சில நீ வாயடச்சு நின்னா அதிகாரி அடுத்த ஆளக் கூப்பிட்டுடுவான்" என்றாள்.

மன்றத்தில் இது வழக்கம். முதன்முதலாக நகராட்சிக்கு மனு கொடுக்கப் போனபோது அதிகாரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். வீட்டில் வேலை இல்லையா என்றார். அத்தனை பேரும் வாயடைத்துப்போய்த் திரும்பினார்கள். வழியில் சிலர் அழுதார்கள். இனிமேல் பட வேண்டிய அவமானத்தையெல்லாம் இங்கேயே பட்டுவிட்டுத்தான் அங்கே போக வேண்டும் என்று அன்றைக்கு நர்ஸ் சொன்னாள். அப்படித்தான் நாற்காலி வந்தது. அதில் உட்காருகிறவள் அதிகாரி. என்ன வேண்டுமானாலும் பேசலாம். எதிரே நிற்கிறவள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். மனுவுக்கு ஒரு பதில் சொல்லாமல் அதிகாரியும் எழுந்திருக்கக் கூடாது. அங்கே பேசியதை வாசலுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது.

ஆரம்பத்தில் தையல்காரி உட்கார்ந்து பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது. நர்ஸ் உட்கார்ந்தாள். எல்லாக் கோரிக்கைகளையும் உடனே ஏற்றுக்கொண்டாள். மீன்காரி உட்கார்ந்தால் கெட்ட வார்த்தை வந்தது. ஒருநாள் இடமில்லாமல் பூட்டுக்காரி அதில் உட்கார்ந்தாள். தலைவி எதிரே வந்து நின்றாள். பூட்டுக்காரி பேச ஆரம்பித்தாள். எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"எங்கேருந்துடீ வருது உனக்கு இதெல்லாம்?" என்று பிறகு மீன்காரி கேட்டாள்.

"சும்மா வருது."

அன்றிலிருந்து அந்த நாற்காலி அவளுக்குத்தான்.

தலைவியும் பூட்டுக்காரியும் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டியவள் தலைவி, தம்பியைக் கட்டியவள் பூட்டுக்காரி. ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். வீட்டில் பேச்சுவார்த்தை கிடையாது. ஒருவரோடு ஒருவர் நேராகப் பேசுவது அந்த நாற்காலியில்தான்.

*

மாமியார் போனதும் வீட்டைப் பிரித்தார்கள். நடுவே சுவர் எழுப்பியபோது முன்பக்கம் சரிபாதியாக விழுந்தது. பின்பக்கத்தில் குழாயும் கழிவறையும் அண்ணன் பக்கம் போயின. "கக்கூஸ் பொதுதான், அதுக்குப் போய் என்ன பேச்சு" என்றார் அண்ணன். தம்பி தலையாட்டினார். அவர் எதற்கும் தலையாட்டுவார். லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். ஊர்ஊராகப் போகிறவருக்கு வீட்டுக் கழிவறை எந்தப் பக்கம் இருந்தால் என்ன?

சுவரில் போய்வர ஒரு வழி விட்டிருந்தார்கள். கொஞ்ச காலம் ஒழுங்காக நடந்தது. பிறகு யார் கழுவுவது என்று வந்தது. நேற்று நான்தான் கழுவினேன் என்று பூட்டுக்காரி சொன்னாள். கழுவின லட்சணம் தெரிகிறது என்று தலைவி சொன்னாள். வார்த்தை தடித்தது. பெண்ணை வளர்த்த விதம் வரைக்கும் போனது. மறுநாள் காலையில் கழிவறைக் கதவில் பூட்டு தொங்கியது.

பூட்டுக்காரிக்கு அந்தப் பூட்டைத் தெரியும். அவள் கடைப் பூட்டு. கடை என்றால் சந்தை ஓரத்தில் ஒரு பலகை. அதன்மேல் பூட்டு, தாழ்ப்பாள், கீல், கொண்டி, ஆணி. முந்தின நாள் தையல்காரி வந்து நல்ல பூட்டாக ஒன்று கேட்டாள். பூட்டுக்காரி இருப்பதிலேயே கனமானதை எடுத்துக் காட்டினாள். "இத வாங்கிட்டுப் போங்க. ரம்பம் போட்டாலும் அறுபடாது" என்று சொல்லி விற்றாள்.

"உன் ஓரகத்திதான் வாங்கிட்டு வரச் சொன்னா. எதுக்குன்னு நான் கேக்கல" என்றாள் தையல்காரி பிறகு. அவளால் பூட்டுக்காரியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தன் கடைக்குப் பின்னால் இருக்கும் கழிவறையைக் காட்டினாள். "நீயும் உன் பொண்ணும் இதுக்கு வாங்க. யாருகிட்டயும் சொல்ல வேணாம்."

யாரிடமும் சொல்லவில்லை. விடிந்ததும் தாயும் மகளும் தெருக்கோடி வரை நடந்துபோய் வருவார்கள். தையல்காரி கடையைப் பூட்டிவிட்டால் அப்புறம் காலைவரைக்கும் இல்லை. இரவில் வாளி. மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் தண்ணீர் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

சந்தையிலும் இல்லை. நகராட்சி கட்டிய பெண்கள் கழிவறை பல காலமாகப் பூட்டிக் கிடந்தது. சந்தைப் பெண்கள் வெயிலில் உட்கார்ந்துகொண்டு தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகியிருந்தார்கள். போன கோடையில் பூட்டுக்காரிக்குக் காய்ச்சல் வந்தது. அடிவயிற்றில் எரிச்சல். சுகாதார நிலையத்துக்குப் போனாள்.

"தண்ணி நெறையக் குடி" என்றாள் நர்ஸ்.

"குடிச்சா எங்க போறது?"

நர்ஸ் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினாள். "சந்தையில எல்லாரும் இப்படித்தானா?"

"எல்லாரும்தான்."

"வீட்டுக்குப் போனா?"

பூட்டுக்காரி கண்ணை மூடிக்கொண்டாள். சோர்வு என்று நர்ஸ் நினைத்துக்கொண்டாள். அடுத்த கூட்டத்தில் சந்தைக் கழிவறையை எடுத்துப் பேசினாள். நகராட்சியில் குறை கேட்கும் நாள் வருகிறது, போவோம் என்றாள். எல்லோரும் சரி என்றார்கள். தலைவிதான் பேச வேண்டும். படித்தவள். சந்தை வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். வாய் உண்டு.

*

பயிற்சி நடந்தது. பூட்டுக்காரிக்கு அதிகாரி என்ன கேட்பார் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டுப் பின்பக்கம் துணி துவைக்கும்போது தலைவி காக்காயைப் பார்த்துச் சாடையாகச் சொன்னதெல்லாம் இருந்தது. வாளியைப் பார்த்துச் சொன்னது இருந்தது. தன் புருஷன் பெரியவரிடம் பேசுவதுபோல் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும்படி சொன்னது இருந்தது. எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருந்தாள்.

"சிலருக்குப் பெத்தவங்க சொல்லிக்குடுக்கல. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?" என்றாள் நாற்காலியிலிருந்து.

தலைவியின் முகம் மாறியது. அது அவளுடைய வார்த்தை. போன வாரம் வாளியிடம் சொன்னது.

"என்ன, பதிலக் காணோம்?" என்றாள் பூட்டுக்காரி. "தண்ணிக்கு நான் கட்டறேன். கழுவறதுக்கு நான் ஆள் பாக்கறேன். வந்து போறது மட்டும் நீங்களா? என் எடம். நான் பூட்டுவேன்."

"நகராட்சில என் எடம்னு சொல்ல மாட்டாங்க" என்றாள் தலைவி நர்ஸைப் பார்த்து.

"சொல்லுவாங்க. மனசுக்குள்ள அப்படித்தான் இருக்கும். பதில் சொல்லு."

தலைவி பூட்டுக்காரியைப் பார்த்தாள். வாசலுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. உள்ளே பதில் சொல்லியாக வேண்டும். மூச்சை இழுத்து விட்டாள்.

"சுத்தமா இல்லன்னு பூட்டுறீங்க. பூட்டி வெச்ச எடம் தானா சுத்தமாயிடுமா? கழுவறது யாருன்னு கேக்கறீங்க. போறவங்க கழுவுவோம். முற வெச்சுக் கழுவுவோம். ஒருத்தி கழுவலன்னா அவளக் கேளுங்க. அவளுக்காக எல்லாத்துக்கும் பூட்டுப் போடாதீங்க."

"நல்லா இருக்கு" என்றாள் நர்ஸ்.

"இன்னும் இருக்கு. சாவிய வெச்சிருக்கறவங்களுக்குச் சாவியோட அரும தெரியாதுங்க. வெளியில நின்னு பாத்தாத்தான் தெரியும்."

பெண்கள் கை தட்டினார்கள். பூட்டுக்காரி நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று அவள் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டவை இவை. அவளைவிட நன்றாகத் தலைவி சொன்னாள். யார் வீட்டுக் கதவைப் பற்றியோ பேசுகிற மாதிரி.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பயிற்சியிலும் பூட்டுக்காரி வீட்டிலிருந்து ஏதாவது கொண்டுவந்தாள். தலைவி ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் கண்டுபிடித்தாள். பதில்கள் கூர்மையாகிக்கொண்டே போயின. பயிற்சி முடிந்ததும் இருவரும் ஒரே தெருவில், ஒரே வீட்டுக்கு, தனித்தனியாக நடந்தார்கள். முன்னால் போகிறவள் திரும்பிப் பார்க்க மாட்டாள். பின்னால் வருகிறவள் வேகத்தைக் கூட்ட மாட்டாள்.

"ரெண்டு பேருக்குள்ள ஏதாவதா?" என்று மீன்காரி ஒருநாள் தையல்காரியிடம் கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் தையல்காரி. ஊசியில் நூல் கோக்க வெகுநேரம் பிடித்தது அவளுக்கு.

*

குறை கேட்கும் நாளில் அதிகாரியின் அறையில் மின்விசிறி அவருக்கு மட்டும் காற்று வரும்படி திரும்பியிருந்தது. அவர் மனுவைப் படிக்கவில்லை. தலைப்பைப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தார்.

"கக்கூஸா?" என்றார்.

"ஆமாங்க."

"கட்டித்தான் குடுத்திருக்கமே."

"பூட்டியும் குடுத்திருக்கீங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "தெறந்து விட்டா நாறடிச்சிடுறீங்கம்மா. அத யாரு கழுவறது?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மீன்காரி பூட்டுக்காரியின் விலாவில் இடித்தாள். அப்படியே அவளுடைய வார்த்தை.

தலைவி பதில் சொன்னாள். அடுத்ததைக் கேட்டார். அதற்கும் சொன்னாள். குரல் உயரவில்லை. தண்ணீர், ஆள், சுத்தம், பழக்கவழக்கம், எதற்கும் அவள் தயங்கவில்லை. அதிகாரி சொல்லி முடிக்குமுன்பே அடுத்த வாக்கியம் என்ன என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பின்வரிசையில் நின்ற பூட்டுக்காரியின் உதடுகள் அசைந்தன. அவள் அதிகாரியோடு சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சாவிய வெச்சிருக்கறவங்களுக்குச் சாவியோட அரும தெரியாதுங்க" என்றாள் தலைவி.

அதிகாரி பேனாவை மூடினார். இழுப்பறையைத் திறந்து துழாவி ஒரு சாவியை எடுத்தார். துருப்பிடித்திருந்தது.

"சரிம்மா. நீங்களே வெச்சுக்குங்க. தண்ணி நான் விடச் சொல்றேன். உங்க பொறுப்பு. அசிங்கமா இருக்குன்னு ஒரு புகார் வந்தாலும் உங்களத்தான் கேப்பேன். மத்தவங்கள இல்ல, உங்கள."

தலைவி சாவியை வாங்கினாள். வெளியே வந்ததும் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். மீன்காரி அவளைக் கட்டிப் பிடித்தாள். நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பூட்டுக்காரி தள்ளி நின்றாள். தலைவி சாவியைக் கைப்பைக்குள் போட்டதைப் பார்த்தாள். பையின் ஜிப்பை இழுத்து மூடியதையும் பார்த்தாள்.

*

எல்லோரும் சேர்ந்து கழிவறையைக் கழுவினார்கள். தண்ணீர் வந்தது. சாவி ஜெராக்ஸ் கடைக்குப் போனது. தலைவியின் தலைக்குப் பின்னால் ஒரு ஆணியில் தொங்கியது.

போக வேண்டியவள் அங்கே போய்க் கேட்க வேண்டும். கடையில் ஆண்கள் நிற்பார்கள். அடையாள அட்டையைப் பிரதி எடுக்க வந்தவர்கள், கல்லூரிப் பையன்கள். தலைவி அவர்களை நிற்க வைத்துவிட்டுத் திரும்புவாள்.

"போன தடவ தண்ணி ஊத்துனியா?"

"ஊத்துனேன்க்கா."

"ஒரு வாளியா, ரெண்டா?"

பையன்கள் சிரிப்பார்கள். மீன்காரி ஒருமுறை சாவியை வாங்காமல் திரும்பி வந்தாள். பூட்டுக்காரியின் பலகைக்குப் பக்கத்தில் குந்தினாள்.

"பூட்டு அப்படியேதான் இருக்கு. ஆளுதான் மாறியிருக்கு" என்றாள்.

"போய்க் கேளு. நீதானே கட்டிப் பிடிச்ச."

"நீ கேட்டியா?"

"நான் கேக்க மாட்டேன்."

கேட்கவில்லை. தண்ணீர் குடிக்கவுமில்லை. மழைக்காலம் தொடங்குமுன் எரிச்சல் திரும்ப வந்தது. நர்ஸ் கோபப்பட்டாள்.

"அதான் தெறந்தாச்சே. இன்னும் என்ன?"

"சாவி கேக்கணும்."

"கேக்கறதுல என்ன கொறஞ்சுபோற? நீ அவ ஓரகத்தி. உனக்கில்லாமலா?"

பூட்டுக்காரி சிரித்தாள். நர்ஸுக்குப் புரியவில்லை.

"சரி. கேக்கறேன்" என்றாள் பூட்டுக்காரி. "எல்லாரும் இருக்கறப்ப கேக்கறேன்."

*

அடுத்த கூட்டம் தெருவிளக்குக்காக. பயிற்சிக்கு எல்லோரும் உட்கார்ந்தார்கள். நாற்காலி காலியாக இருந்தது. பூட்டுக்காரி அதன் எதிரே போய் நின்றாள்.

"இன்னிக்கு நான் மனுக் குடுக்கறேன்" என்றாள். "நீங்க உக்காருங்கக்கா."

அக்கா என்று அவள் கூப்பிட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. தலைவி சந்தேகத்தோடு பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். சாய்ந்தாள். கால்மேல் கால் போட்டாள்.

"என்ன வேணும்?"

"சந்தைக் கக்கூஸ் பூட்டிக் கெடக்கு. அதத் தெறக்கணும்."

யாரோ இருமினார்கள். தலைவி காலை இறக்கினாள்.

"இன்னிக்குத் தெருவிளக்கு."

"அதிகாரி அப்படித்தான் சொல்லுவாங்க. நான் கக்கூஸுக்கு வந்திருக்கேன்."

தலைவி நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் தரையில் கிடந்த ஒரு சிவப்பு நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "பதில் சொல்லு" என்றாள், நிமிராமல்.

"கேட்டாக் குடுக்கறேன்ல. யாருக்கு இல்லன்னேன்?"

"எதுக்குக் கேக்கணும்?"

"கேக்காம விட்டா நாறடிச்சிடுவாங்க. நாளைக்கு என்னத்தானே கூப்பிட்டுக் கேப்பான்?"

"ஒருத்தி கழுவலன்னா அவளக் கேளுங்க. அவளுக்காக எல்லாத்துக்கும் பூட்டுப் போடாதீங்க."

மீன்காரி களுக்கென்று சிரித்தாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பொறுப்பு என்னுது" என்றாள் தலைவி. குரல் உயர்ந்திருந்தது.

"முற வெச்சுக் கழுவுவோம். சாவிய வெச்சிருக்கறவங்களுக்குச் சாவியோட அரும தெரியாதுங்க."

தலைவி கைப்பையைத் திறந்தாள். சாவியை எடுத்து அருகிலிருந்த தையல் இயந்திரத்தின்மேல் எறிந்தாள். அது சக்கரத்தில் பட்டுக் கீழே விழுந்தது.

"எடுத்துக்குங்க. நாயா பேயா கத்தி வாங்கிட்டு வந்தது நான். நாளைக்கு நாறட்டும், எனக்கென்ன."

மீன்காரி சாவியை எடுத்து இடுப்பில் செருகினாள். தலைவி எழுந்தாள்.

"உக்காருங்க" என்றாள் பூட்டுக்காரி. "மனு முடியல."

"குடுத்தாச்சுல்ல?"

"இன்னொண்ணு இருக்கு."

தலைவிக்குப் புரிந்துவிட்டது. தையல்காரிக்கும் புரிந்தது. அவள் சுவரோரம் நகர்ந்தாள்.

"ஒரு வீட்டுல ரெண்டு குடும்பம்" என்றாள் பூட்டுக்காரி. "நடுவுல சுவரு. கக்கூஸ் ஒரு பக்கம் விழுந்திடுச்சு. பொதுன்னு சொல்லித்தான் சுவரக் கட்டுனாங்க. இப்ப அதுல ஒரு பூட்டு தொங்குது. நான் வித்த பூட்டு. நான்தான் நல்லா இருக்கும்னு சொல்லிக் குடுத்தேன். வெளியில நிக்கறது ஒரு பொம்பளையும் ஒரு பொண்ணும்."



"வீட்டு விஷயத்த இங்க கொண்டுவராத" என்றாள் தலைவி.

"இங்க பேசுனத வெளிய கொண்டுபோகக் கூடாதுன்னுதான் விதி. வெளிய இருக்கறத உள்ள கொண்டுவரக் கூடாதுன்னு இல்ல. இவ்வளவு நாளா கொண்டுவந்துக்கிட்டுத்தானே இருந்தேன்? நீங்களும்தான் பதில் சொன்னீங்க."

"அது என் எடம்."

"நகராட்சில அப்படிச் சொல்ல மாட்டாங்கன்னு சொன்னது நீங்க."

"நீ சுத்தமா வெச்சுக்க—"

நிறுத்தினாள். அதற்கு என்ன பதில் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். கண்டுபிடித்தவளே அவள்தான். கீழே ஒருத்தியின் உதடுகள் அந்தப் பதிலை முணுமுணுப்பதைத் தலைவி பார்த்தாள்.

"பொண்ணு எங்க போறா?" என்று நர்ஸ் கேட்டாள். தலைவியைக் கேட்டாளா பூட்டுக்காரியைக் கேட்டாளா என்று தெரியவில்லை.

"என் கடைக்கு" என்றாள் தையல்காரி.

தலைவி கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். செருப்பை மாட்டும்போது தடுமாறினாள். யாரும் பிடிக்கவில்லை. பதில் சொல்லாமல் நாற்காலியை விட்டுப் போன முதல் ஆள் அவள்.

"நெஜ அதிகாரி மாதிரியே போறா" என்றாள் மீன்காரி.

தையல்காரி பூட்டுக்காரியிடம், "நாலு பேர் முன்னால வேணாம்டீ இது. நாளைக்கு நமக்காக யாரு போய்ப் பேசறது? நீ பேசுவியா?" என்றாள்.

"பூட்டு வாங்கினப்ப வேணாம்னு நீங்க சொல்லலியே."

தையல்காரி எழுந்துபோய் இயந்திரத்தைத் துடைத்தாள்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்" என்றாள் நர்ஸ்.

"சொல்லியிருந்தா, தண்ணி குடின்னிருப்பீங்க."

அன்று தெருவிளக்கைப் பற்றி யாரும் பேசவில்லை.

*

விடியும்போது பின்பக்கம் இடிக்கிற சத்தம் கேட்டது. சுத்தியல். மரம் பிளக்கிற சத்தம். பிறகு நின்றது. மகள் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"அம்மா, பூட்டு இல்ல."

பூட்டுக்காரி போய்ப் பார்த்தாள். பூட்டு இல்லை. பூட்டு மாட்டியிருந்த கொண்டியும் இல்லை. கதவு ஆடிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து உள்பக்கம் பார்த்தாள். தாழ்ப்பாளும் இல்லை. இருந்த இடத்தில் திருகாணிகளின் ஓட்டைகள் மட்டும் இருந்தன. பலகை ஒரு ஓரம் சிராய்ந்து போயிருந்தது.

தலைவி குழாயடியில் துணி நனைத்துக்கொண்டிருந்தாள். மதில்மேல் ஒரு காக்காய்.

"கேட்டாங்க, தெறந்தாச்சு" என்றாள் காக்காயிடம். "வெளிப்பக்கமும் ஒண்ணுமில்ல, உள்பக்கமும் ஒண்ணுமில்ல. நல்லாப் பொதுவா இருக்கட்டும். யாரு வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் போகலாம்."

பெரியவர் துண்டும் கையுமாக வந்தார். கதவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், தம்பி மனைவியைப் பார்த்தார். வந்த வழியே திரும்பிப் போனார்.

"தாழ்ப்பாள் இல்லாம எப்படிம்மா?" என்றாள் மகள் மெல்ல. "நான் தையக்கார அத்தை கடைக்கே போறேன்."

"போக வேணாம். இரு."

பூட்டுக்காரி உள்ளே போய்க் கடை மூட்டையை அவிழ்த்தாள். தாழ்ப்பாள்களை ஒவ்வொன்றாக எடுத்து இழுத்துப் பார்த்தாள். ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். விலை அதிகம் என்று யாரும் வாங்காமல் கிடந்தது அது. திருகாணிகளையும் திருப்புளியையும் எடுத்துக்கொண்டு சுவரில் இருந்த வழியைத் தாண்டினாள்.

பழைய ஓட்டைகள் தளர்ந்திருந்தன. கொஞ்சம் மேலே புது இடம் பார்த்தாள். ஆணியால் அடையாளம் போட்டுத் திருகத் தொடங்கினாள். மகள் கதவை ஆடாமல் பிடித்துக்கொண்டாள். நல்ல மரம். திருகாணி சுலபத்தில் இறங்கவில்லை.

குழாய் நின்றது. தலைவி ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"அது என் கதவு."

காக்காயிடம் சொல்லவில்லை. வாளியிடமும் சொல்லவில்லை. பூட்டுக்காரி அடுத்த திருகாணியை வாயிலிருந்து எடுத்தாள்.

"உங்கிட்டதான் சொல்றேன். என் கதவுல ஓட்ட போடாத."

பூட்டுக்காரி திருகினாள். கடைசித் திருகாணி இறங்கும்வரை தலைவி நின்றாள். அதற்கு மேல் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கையைப் பிடித்து இழுத்தால் தெரு கூடும். மீன்காரி வீடு பக்கத்துச் சந்து.

பூட்டுக்காரி தாழ்ப்பாளை இருமுறை இழுத்துத் தள்ளிப் பார்த்தாள். மகளை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே நின்றாள். தலைவிக்கும் அவளுக்கும் நடுவே கைக்கெட்டும் தூரம்தான் இருந்தது. இருவரும் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மகள் வெளியே வந்தாள். பெரியம்மாவின் முகத்தைப் பார்க்காமல் ஓடினாள்.

தலைவி ஒரு அடி எடுத்து வைத்தாள். பூட்டுக்காரி முந்திக்கொண்டு உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது.

வெளியே செருப்பு தேய்கிற சத்தம், முன்னும் பின்னுமாக. வாளியை எடுத்து வைக்கிற சத்தம். பெரியவரின் இருமல் தூரத்தில் கேட்டது. பிறகு கதவில் தட்டல். ஒருமுறை, சற்றுப் பொறுத்து மறுமுறை, இந்தத் தடவை பலமாக.

"ஆள் இருக்கு" என்றாள் பூட்டுக்காரி.

அவள் அவசரப்படவில்லை.